கழுத்தில் விழுந்த வெயில் கோடு

ஏப்ரல் கடைசி வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறைமலை நகரில் எங்கள் தெருமுனை மைதானத்தில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய கிரிக்கெட் பகல் ஒரு மணிக்குத்தான் முடிந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் வந்து நின்றான். ஏழாம் வகுப்பு முடித்தவன். காலர் படாதபடி கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தான்.

"மிஸ், கழுத்து எரியுது. தொட்டாலே சுள்ளுன்னு இருக்கு."

விலக்கிப் பார்த்தேன். காலர் மறைத்திருந்த இடம் ஒரு நிறம், அதற்கு மேலே வேறு நிறம். இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு. ஈரத் துணியை மடித்துக் கழுத்தில் போட்டு உட்கார வைத்தேன். கொஞ்சம் எரிச்சல் அடங்கியதும் கேள்வி வந்தது.

"தினம் ரெண்டு நுங்கு தின்னா வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு பாட்டி சொல்றாங்க. தக்காளி நிறைய சாப்பிட்டா தோல் கருகாதுன்னு என் ஃப்ரெண்டு சொல்றான், ஃபோன்ல பார்த்தானாம். எது மிஸ் நிஜம்? வெயில் வெளிய அடிக்குது, சாப்பாடு வயித்துக்குள்ள போகுது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

பல வருடம் பள்ளியில் அறிவியல் எடுத்தவள் நான். இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடுவேனா? அன்று பேச ஆரம்பித்தது முடிய ஒரு வாரம் ஆயிற்று. அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

சுடுவது ஒன்று, எரிப்பது இன்னொன்று

முதலில் அவன் கழுத்தை எரித்தது எது என்று பார்ப்போம். சூட்டைத்தான் நீங்கள் சொல்வீர்கள். அது சரியான பதில் இல்லை.

வெயிலில் மூன்று விதமான கதிர்கள் கலந்து வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒன்று. உடம்பில் பட்டதும் சூடாக உணர்கிறோமே, அதில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர்களுடையது. மூன்றாவது கதிர் கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் உறைக்காது. 1801-ல் ஜெர்மனியில் ரிட்டர் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். வெள்ளி உப்பை வானவில் நிறங்களில் வைத்துப் பார்த்தபோது, ஊதா நிறத்தைத் தாண்டி ஒளியே இல்லாத இடத்தில்தான் அது மிக வேகமாகக் கறுத்தது. ஊதாவுக்குப் புறத்தே இருப்பதால் தமிழில் அதற்குப் புற ஊதாக் கதிர் என்று பெயர். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, இந்த அழகான தமிழ்ச் சொல்லை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

அவன் கழுத்தை எரித்தது இந்தப் புற ஊதாக் கதிர்தான். காற்று வீசி உடம்பு குளுகுளுவென்று இருக்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மெல்லிய மேகத்தையும் ஊடுருவி வரும்.

ஆகவே பாட்டி சொன்னதில் பாதி சரி. வியர்த்து இழந்த நீரை நுங்கும் இளநீரும் மோரும் வெள்ளரிப் பிஞ்சும் ஈடுகட்டும், உடம்பைச் சூட்டிலிருந்து காக்கும். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நுங்கு சீவுபவரைப் பார்த்தால் நானும் நின்றுவிடுவேன். ஆனால் தோலில் விழும் புற ஊதாக் கதிரை நுங்கு தடுக்காது.

இன்னொன்றும் சொன்னேன். நம் ஊர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12.8 பாகையில். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். செங்குத்தாக நட்ட கம்புக்கு அந்த நொடியில் நிழலே விழாது. கதிர்கள் சாய்ந்து வந்தால் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் பயணம் செய்ய வேண்டும், வழியிலேயே புற ஊதாவில் பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். நேராக வரும்போது வடிகட்டல் குறைவு.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு கிரிக்கெட் ஸ்டம்ப் போதும். ஸ்டம்பை நேராக நட்டு நிழலைப் பாருங்கள். நிழல் ஸ்டம்பைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நீளமாக இருந்தால் வலு குறைந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் நம் ஊரில் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி தாண்டும் வரை நிழல் குட்டையாகத்தான் இருக்கும். இவர்கள் ஆடிய ஆட்டம் எத்தனை மணிக்கு என்று மேலே பாருங்கள்!

தோலுக்குள் ஒரு குடை, ஒரு பழுதுபார்க்கும் பட்டறை

புற ஊதாக் கதிர் தோலுக்குள் போய் என்ன செய்கிறது?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீளமான ஏணி சுருண்டு கிடக்கிறது. அந்த செல் எப்படி வாழ வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அந்த ஏணியின் படிகளில்தான் எழுதியிருக்கிறது. புற ஊதாக் கதிர் தாக்கினால் பக்கத்துப் பக்கத்துப் படிகள் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நோட்டுப் புத்தகத்தில் தண்ணீர் கொட்டி இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் படிக்க முடியாமல் போகிறதே, அதுபோல.

இதற்கு நம் தோல் வைத்திருக்கும் முதல் காவல் மெலனின் என்ற கருநிறப் பொருள். மேல்தோலின் அடியில் இருக்கும் சில செல்கள் அதைத் தயாரித்து, ஒவ்வொன்றும் சுற்றியுள்ள ஏறக்குறைய 36 செல்களுக்கு மணி மணியாக அனுப்பிவைக்கின்றன. வாங்கிக்கொண்ட செல் அந்த மணிகளை எங்கே வைத்துக்கொள்கிறது தெரியுமா? தன் உட்கருவுக்கு மேலே, வானத்தைப் பார்த்த பக்கமாக, குவித்துக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறது. உள்ளே டி.என்.ஏ., மேலே குடை! வெயிலில் போனால் நாம் கறுப்பது, தோல் இன்னும் நிறையக் குடைகள் செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்த இடத்தில் அவன் மெதுவாகச் சொன்னான்: "க்ளாஸ்ல என்னைக் கறுப்பன்னு கூப்பிடுறாங்க மிஸ்."

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் யாரையாவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். வெளுத்தவர் தோலிலும் கறுத்தவர் தோலிலும் மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். கறுத்த தோலில் அவை கூடுதலாக உழைக்கின்றன, பெரிய மணிகளாகச் செய்கின்றன. உச்சி வெயில் அடிக்கும் ஊர்களில் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்த முன்னோர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது. அதைச் சுரண்டி எடுக்கும் க்ரீம்களை நம்பவே கூடாது.

ஆனால் எந்தக் குடையிலும் கொஞ்சம் சாரல் உள்ளே வரும். அதனால் தோலுக்குள் ஒரு பட்டறையும் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட ஏணிப்படியைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதிய துண்டு வைத்துத் தைக்கும் பட்டறை. வேலை அளவுக்கு மீறிப் போனால், சேதமான செல்கள் ஆபத்துச் செய்தி அனுப்பும், ரத்தம் அந்த இடத்துக்குப் பாயும், தோல் சிவந்து எரியும். இதற்கெல்லாம் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் மைதானத்தில் தெரியாத எரிச்சல் சாயங்காலம் வந்தது.

சரி, பட்டறை நடக்க வேண்டுமென்றால் மூலப்பொருள் வேண்டுமே! அது எங்கிருந்து வரும்? சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான்.

கழுத்தில் மாலை போட்ட நோய்

தட்டுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு மிகப் பெரிய சாட்சி ஒரு நோய். அதன் பெயர் பெல்லாக்ரா.

1735-ல் ஸ்பெயின் நாட்டில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் ஏழை விவசாயிகளிடம் அதைப் பார்த்தார். புறங்கை, முன்கை, முகம், பாதம் என்று வெயில் படும் இடங்களில் மட்டும் தோல் சிவந்து, பிறகு கறுத்துத் தடித்து, செதில் செதிலாக உரிந்தது. சட்டை மறைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, மாலை போட்டதுபோல! மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைக் 'கசாலின் கழுத்துமாலை' என்றே படிக்கிறார்கள். தோலோடு நின்றுவிடவும் இல்லை அந்த நோய். வயிற்றைக் கெடுத்தது, மனதைக் குழப்பியது, கவனிக்காமல் விட்டால் உயிரையும் எடுத்தது.

நோயாளிகள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்டது பெரும்பாலும் மக்காச்சோளம்தான். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வரவில்லையே, ஏன்? அங்கே பெண்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்துத்தான் அரைப்பார்கள். தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு சத்தை அந்தச் சுண்ணாம்பு திறந்துவிடும். ஐரோப்பியர்கள் விதையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சமையல் முறையைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த நோய் பரவியபோது, இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்று பலர் நம்பினார்கள். 1914-ல் ஆராயப் போன ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், அநாதை இல்லத்துக் குழந்தைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு என்று சாப்பாட்டை மாற்றினார். நோய் போய்விட்டது. அப்படியும் நம்பாதவர்களுக்காக, நோயாளியின் ரத்தத்தைத் தமக்கே ஊசியில் ஏற்றிக்கொண்டு, தொற்றவில்லை என்று காட்டினார். குறைந்த சத்து எது என்பது 1937-ல் கான்ராட் எல்வேஜம் என்பவரின் ஆய்வில் தெரிந்தது. அதுதான் நயாசின், பி வகை வைட்டமின்களில் ஒன்று.

இந்த நயாசினைக் கொண்டு செல் ஒரு பொருளைத் தயாரிக்கிறது. டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அதுதான் எரிபொருளும் கருவியும் மாதிரி. நயாசின் இல்லையென்றால் பட்டறை படுத்துவிடும். சாதாரண வெயில்கூட அந்தத் தோலுக்குத் தாங்காது. பெல்லாக்ராவில் வெயில் படும் இடம் மட்டும் புண்ணாவதற்கு இதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

சேலத்துப் பையன் அவிழ்த்த முடிச்சு

இனிதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

1918-ல் சேலத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சென்னையில் மருத்துவம் படித்து, பிறகு உலகமே மதிக்கும் ஊட்டச்சத்து விஞ்ஞானி ஆனவர் அவர். பெயர் சி. கோபாலன். நம் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வு அறையாகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய ஆய்வகம் ஒன்று உண்டு. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தொடங்கிய ஆண்டும் அதே 1918! கோபாலன் அதன் இயக்குநராக இருந்தார்.

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள தக்காணப் பகுதியில் வயல்வேலை செய்யும் ஏழை மக்களிடம் பெல்லாக்ரா இருந்தது. அதே புறங்கை, அதே கழுத்துமாலை. ஆனால் கோபாலனுக்கு ஒரு விஷயம் இடித்தது. இவர்கள் யாரும் மக்காச்சோளம் சாப்பிடுபவர்கள் இல்லை. சாப்பிட்டது சோளம், நாம் வெள்ளைச் சோளம் என்கிறோமே அது. பெயரில்தான் ஒற்றுமை, மக்காச்சோளம் வேறு பயிர், சோளம் வேறு பயிர்.

நயாசினை நாம் நேராகவும் சாப்பிடலாம், உடம்பு தானாகவும் தயாரித்துக்கொள்ளும். புரதத்தில் இருக்கும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம்தான் அதற்கு மூலப்பொருள். ஏறக்குறைய 60 மில்லிகிராம் டிரிப்டோபானிலிருந்து 1 மில்லிகிராம் நயாசின் கிடைக்கும். மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் குறைவு, அதனால் நோய் வருவது புரிகிறது. சோளத்தில் அது அவ்வளவு குறைவில்லையே! பிறகு ஏன் நோய்?

கோபாலனும் அவருடைய சக ஆய்வாளர் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் இதற்கு ஒரு விடையை வெளியிட்டார்கள். சோளத்தில் லியூசின் என்ற வேறொரு அமினோ அமிலம் மிக அதிகம். அது அளவுக்கு மீறிச் சேரும்போது, உடம்பு டிரிப்டோபானை நயாசினாக மாற்றுவதில் குறுக்கிடுகிறது என்றார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போகும் பேருந்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வழியை அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் ஆம்புலன்ஸ்கூட நகர முடியாமல் நிற்கிறதே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கத்தை வைத்துப் பல நாடுகளில் விவாதமும் மேற்கொண்டு ஆய்வும் நடந்தன. நல்ல அறிவியல் அப்படித்தான் வளரும்.

"அப்போ சோளம் சாப்பிடக் கூடாதா மிஸ்?"

தாராளமாகச் சாப்பிடலாம். சோளம் அருமையான தானியம். சிக்கல் சோளத்தில் இல்லை, சோளத்தைத் தவிர வேறெதுவும் வாங்க முடியாத வறுமையில் இருந்தது. கூடவே பருப்பும், கீரையும், கொஞ்சம் பாலும் இருந்தாலே போதும், இந்த நோய் எட்டிப் பார்க்காது. அந்த மக்களின் தட்டில் வகைகள் கூடக் கூட பெல்லாக்ராவும் குறைந்துபோனது. ஒரு குழந்தையின் கழுத்தில் விழும் கோடு, அந்த வீட்டு அடுக்களையில் என்ன இல்லை என்று சொல்லும். கோபாலன் அதைப் படிக்கத் தெரிந்தவர். தம் நூறாவது வயதில், 2019-ல், அவர் காலமானார்.

உங்கள் வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 12 மில்லிகிராம் நயாசின் வேண்டும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் அதில் கால் பங்குக்கு மேல் கிடைத்துவிடும். மீன், கோழி, பயறு வகைகளிலும் நயாசின் இருக்கிறது. பாலிலும் முட்டையிலும் டிரிப்டோபான் இருக்கிறது. நம் செங்கல்பட்டு மாவட்டத்து நெல்லைப் புழுக்கி அரிசியாக்குகிறார்களே, அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தவிடு போனாலும் சத்து முழுவதும் போகாது.

பூநாரையும் மாந்தளிரும்

"சரி மிஸ், சத்து இல்லேன்னா தோல் கெடும். நல்லா சாப்பிடுறவன் இன்னும் கொஞ்சம் கூடச் சாப்பிட்டா, தோல் இன்னும் தாங்குமா?"

இதுதான் அவன் நண்பன் சொன்ன தக்காளிக் கேள்வி. முதலில் ஒன்று தெரிய வேண்டும். சாப்பிடும் பொருள் தோல்வரை போய்ச் சேருமா?

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் பூநாரைகள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட கால், வளைந்த அலகு, சிறகில் இளஞ்சிவப்பு. குஞ்சாக இருக்கும்போது அவை சாம்பல் நிறம். நீரில் உள்ள பாசியையும் சின்னஞ்சிறு கூனி போன்ற உயிர்களையும் தின்னத் தின்னத்தான், அவற்றில் உள்ள நிறமி சிறகில் ஏறி, சில ஆண்டுகளில் இளஞ்சிவப்பாகின்றன. அந்த நிறமிகளின் குடும்பப் பெயர் கரோட்டினாய்டு. கேரட்டின் ஆரஞ்சு, பப்பாளியின் மஞ்சள், தக்காளி, தர்பூசணியின் சிவப்பு எல்லாம் அந்தக் குடும்பம்தான். கேரட்டும் பரங்கிக்காயும் அளவுக்கு மீறி ஊட்டிய கைக்குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாவதைச் சில அம்மாக்கள் பார்த்திருப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, நிறுத்தினால் மாறிவிடும். ஆக, தின்றது தோலுக்குப் போகிறது.

செடிகள் இந்த நிறமிகளை நமக்காகச் செய்யவில்லை, தங்களுக்காகவே செய்கின்றன. நாள் முழுக்க வெயிலிலேயே நிற்கும் இலை, மிதமிஞ்சிய ஒளியால் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே! அளவுக்கு மீறிய ஒளி பட்டால் இலைக்குள் துள்ளித் திரியும் ஒருவித முரட்டு ஆக்சிஜன் பிறக்கிறது. கரோட்டினாய்டுகள் அதைப் பிடித்து அமைதிப்படுத்துகின்றன. பங்குனியில் மாமரத்தைப் பாருங்கள், தளிர் செம்பழுப்பாக இருக்கும். அது ஆந்தோசயனின் என்ற வேறு நிறமி. பச்சையம் முதிராத இளம் இலைக்கு அது வெயில்மறைப்பாக உதவுகிறது என்று கருதுகிறார்கள். நம் தோலிலும் புற ஊதாக் கதிரால் அதே முரட்டு ஆக்சிஜன் பிறக்கிறது. செடியிடமிருந்து வந்த நிறமி இங்கேயும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும்.

எவ்வளவு செய்யும்? 2001-ல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்தில் வில்ஹெல்ம் ஷ்டால், ஹெல்முட் சீஸ் என்ற விஞ்ஞானிகளின் குழு இதைச் சோதித்து வெளியிட்டது. ஒரு குழுவினர் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டார்கள். இன்னொரு குழுவினருக்கு எண்ணெய் மட்டும். அவ்வப்போது தோலில் ஒரு சிறு இடத்தில் அளந்த ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்தார்கள். நான்காவது வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தாவது வாரத்தில், தக்காளிக் குழுவுக்குச் சிவப்பு 40 சதவீதம் குறைவு!

ஏன் பத்து வாரம்? மேல்தோல் அடியிலிருந்து வளர்ந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. நிறமி அதில் மெல்ல மெல்லத்தான் சேரும். ஏன் எண்ணெய்? அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்.

இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஒவ்வொரு ஸ்பூன் துருவிய கேரட் போடுங்கள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், இன்னொன்றில் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி வெதுவெதுப்பாகச் சூடுசெய்த தேங்காய் எண்ணெய். கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெய் நல்ல ஆரஞ்சாகிவிடும், தண்ணீர் லேசாகத்தான் நிறம் மாறும். நாங்கள் செய்தபோது அவன் அந்த எண்ணெயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கரோட்டினாய்டு எண்ணெயில்தான் கரையும். தக்காளித் தொக்கு சுண்டும்போது ஓரத்தில் நல்லெண்ணெய் சிவப்பாகப் பிரிந்து வருகிறதே, அதே சங்கதி. வேகும்போது தக்காளியின் செல்சுவர் உடைகிறது, உள்ளே இருந்த லைகோபீன் என்ற சிவப்பு நிறமி எண்ணெயில் இறங்குகிறது, நம் குடல் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறது. விஞ்ஞானிகள் கொடுத்த விழுதுக்கு நம் வீட்டுத் தொக்கு நெருங்கிய சொந்தம்.

ஆனால் கவனியுங்கள்: அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் மிகச் சிலர். தக்காளி தரும் காப்பு, நல்ல சன்ஸ்கிரீனோ ஒரு சாதாரணக் குடையோ தரும் காப்புக்குப் பக்கத்தில்கூட வராது. பத்து வாரம் தொக்கு சாப்பிட்டவனும் உச்சி வெயிலில் நாலு மணி நேரம் ஆடினால் கழுத்து எரியத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக எரியும், அவ்வளவுதான்.

மாத்திரையும் எலுமிச்சையும்

"அப்போ அந்தச் சத்தையே மாத்திரையாப் போட்டுக்கலாமே?"

இப்படித்தான் பெரியவர்களும் நினைத்தார்கள். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து, பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைக்குமா என்று பல ஆண்டுகள் பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு எல்லாரையும் திடுக்கிட வைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. கேரட்டில் நல்லது செய்யும் பொருள், மாத்திரையாகக் குவிந்தபோது அந்த நுரையீரல்களுக்குக் கெடுதல் செய்துவிட்டது.

மாத்திரை உதவிய கதையும் உண்டு. 2015-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆய்வாளர்கள், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 386 பேரை வைத்து நயாசினின் உறவான நிகோடினமைடைச் சோதித்தார்கள். தினமும் இரண்டு வேளை, ஓர் ஆண்டு அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புதிதாக வந்த தோல் புற்றுநோய்கள் 23 சதவீதம் குறைந்தன. நயாசினை நம்பி நடக்கும் அதே பட்டறைதான் இங்கும்! ஆனால் அது நோயாளிகளுக்கு மருத்துவர் அளந்து கொடுத்த மருந்து. உங்களுக்கும் எனக்கும் தட்டுதான் மருந்துப் பெட்டி.

தோலின் தாங்கும் சக்தியைக் குறைக்கும் செடிகளும் உண்டு. எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் போனால், சிலருக்குச் சாறு பட்ட இடம் கொப்புளித்துக் கருந்திட்டாகிவிடும். எலுமிச்சைத் தோலில் உள்ள சில பொருள்கள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஜூஸைக் குடிக்கலாம், கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் கார்போகரிசி என்று ஒரு விதை உண்டு. அதில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூருணர்வு உள்ளதாக்கும். அந்தக் குணத்தையே பயன்படுத்தி, வெண்புள்ளி விழுந்த தோலில் நிறம் வரவழைக்க நம் நாட்டில் நெடுங்காலமாக அதைக் கையாண்டிருக்கிறார்கள். நவீன மருத்துவமும் சோராலெனையும் புற ஊதா விளக்கையும் சேர்த்துச் சிகிச்சை தருகிறது. அளவு தப்பினால் தோல் வெந்துவிடும் என்பதால், இது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைத் தாண்டி ரயிலில் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விதை தோலின் வெயில் கணக்கையே மாற்றும் என்று நம்மவர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வெயிலே ஆகாது என்று வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளாதீர்கள். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைத் தோல் தயாரிப்பதே புற ஊதாக் கதிரைக் கொண்டுதான். ஓடி ஆடுங்கள். நிழல் குட்டையான நேரத்தில் மட்டும் மரத்தடிக்கு வந்துவிடுங்கள். வர முடியாவிட்டால் தொப்பி, குடை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தட்டில் பருப்பு, கீரை, காய், பழம், ஒரு கைப்பிடி கடலை. துண்டு கதிரைத் தடுக்கும். துண்டையும் தாண்டி வருவதைத் தட்டு பார்த்துக்கொள்ளும்.

அவன் கழுத்துக் கோடு ஜூன் மாதத்தில் மங்கிப் போயிற்று. பழைய தோல் உதிர்ந்து புதுத் தோல் வந்துவிட்டது. ஒரு நாள் பிற்பகல் மைதானத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் பதினோரு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறார்கள். நடு மைதானத்தில் வெயிலில் ஒற்றை ஸ்டம்ப் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து போய், இன்னொரு ஸ்டம்பைத் தரையில் படுக்கவைத்து நிழலோடு ஒட்டி அளந்து பார்த்தான். அங்கிருந்தே கத்தினான்:

"மிஸ்! நிழல் நீளமாயிடுச்சு! ஆடப் போறோம்!"